கலியபெருமாள் போட்ட மாவுக்கட்டு

மொபெட்டின் பின்சீட்டில் அஞ்சலை ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். வலது காலை நேராக நீட்டி வைத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பாளம். அதன் நுனியில் ஐந்து விரல்கள் மட்டும் எட்டிப் பார்த்தன.

வண்டியை ஓட்டி வந்தவர் அவள் அப்பா கலியபெருமாள். கல்லூரி மைதானத்து ஓரமாக இருந்த என் அறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பந்தயத்தில் கோப்பை வாங்கியவர் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மேடம், மாவுக்கட்டு போட்டாச்சிங்க. நீங்க ஒன்னும் செரமப்பட வாணாம்.”

முந்தின நாள் சாயங்காலம் கபடிப் பயிற்சியில் அஞ்சலை கணுக்கால் மடங்கி விழுந்திருந்தாள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆனால் நல்ல சுளுக்கு. ஐஸ் வைத்து, துணிக்கட்டு போட்டு, காலை உயர வைத்துப் படுக்கச் சொல்லி அனுப்பியிருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தக் காலைச் சிலையாக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறார் மனுஷன்.

“எந்த ஆஸ்பத்திரியில போட்டாங்க?”

“ஆஸ்பத்திரி எதுக்குங்க? நான்தான் போட்டேன். அங்க போடறதும் பிளாஸ்டர் மாவுதான. எங்க கம்பெனியில அது மூட்ட மூட்டையா கெடக்குது.”

நர்ஸா, டிரில் மிஸ்ஸா?

அன்றைக்கு நான் போட்ட சத்தம் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டதாகச் சொல்வார்கள். அதற்கு வருவதற்கு முன்னால், இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வார்த்தை.

என் பெயர் ஸ்டெல்லா. சேத்தியாத்தோப்புக்காரி. முன்கோபக்காரி என்றும் சொல்வார்கள், அதை நான் மறுப்பதில்லை. இயன்முறை மருத்துவம் படித்து, அதற்கு மேல் விளையாட்டுக் காயங்களுக்கென்று வடக்கே ஒரு வருஷம் படித்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆர்டரில் ‘அத்லெடிக் டிரெய்னர்’ என்று போட்டிருந்தது. விளையாடுகிற பிள்ளைகளின் அடி, சுளுக்கு, வீக்கம் எல்லாம் பார்த்து, அவர்களைத் திரும்பவும் மைதானத்துக்கு அனுப்புகிற வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது.

முதல் நாள் கல்லூரி பியூன் என் ஆர்டரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“மேடம், நீங்க நர்ஸா, டிரில் மிஸ்ஸா?”

“ரெண்டும் இல்லீங்க.”

“அப்ப எந்த ரூம்ல நாற்காலி போடறது?”

யோசித்து யோசித்து, கிழிந்த வாலிபால் வலைகளும் தடை ஓட்டச் சட்டங்களும் அடைந்து கிடந்த அறையில் போட்டார். அதுதான் என் சாம்ராஜ்யம்.

பையன்கள் என்னைக் கண்டாலே நெளிவார்கள். கால்பந்து ஆடுகிற ஒருத்தனுக்குத் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. பொம்பளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லிவிட்டான். நானும் மூன்று நாள் அவன் தோளுக்கு மாய்ந்து மாய்ந்து ஒத்தடம் கொடுத்தேன். நாலாம் நாள் அவன் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பிடித்து விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. “ஏன்டா மூணு நாளா சொல்லல?” என்றால், “தோளுக்கும் நல்லாத்தான் இருந்துச்சி மேடம்” என்கிறான். அவனை என்ன செய்வது?

ஐஸ் கதை அதைவிட மோசம். ஐஸ் கம்பெனியில் பாளமாக வாங்கி, உமி போட்டுச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவர வேண்டும். சித்திரை வெயிலில் பாதி ரோட்டிலேயே சொட்டிவிடும். மிச்சத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு வகுப்புப் பக்கம் போய் வந்தால், உடற்கல்வி இயக்குநர், நாங்கள் பி.டி. சார் என்று கூப்பிடுகிறவர், அதை உடைத்து எலுமிச்சம்பழ ஜூஸில் போட்டுக் குடித்துக்கொண்டிருப்பார். “அடிபட்டவன் யாரும் வரலியேம்மா, வீணாத்தான போவும்” என்பார். நல்ல மனுஷர்தான். ஜெயிக்க வேண்டும் என்ற வெறி மட்டும் கொஞ்சம் அதிகம்.

பிளாஸ்டரு நீரை இழுக்கும்

சரி, மொபெட்டுக்கு வருவோம்.

கலியபெருமாள் ரயில்வே லைனை ஒட்டியிருந்த ஒரு செராமிக் கம்பெனியில் அச்சு செய்கிறவர். பீங்கான் பொம்மைக்கு அச்சு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அச்சை பிளாஸ்டர் மாவில் செய்வார்கள். அதற்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் கூழில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் இறுகி, லேசாகச் சுருங்கி, அச்சிலிருந்து தானாகக் கழன்று வரும். பிறகு சூளையில் வேகவைப்பார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள்.

“கால்ல நீர் கோத்துக்கிச்சின்னு நீங்கதான சொன்னீங்க மேடம்? பிளாஸ்டரு நீரை இழுக்கும். இருவது வருசமா என் கண்ணு முன்னால இழுக்குது. காலையும் இழுத்து வுட்டுடும். வீக்கம் சுருங்கிடும். ரெண்டே நாளு.”

வேறு எந்த ஊரிலாவது ஒரு தகப்பனுக்கு இந்த யோசனை வந்திருக்குமா? குனிந்து அஞ்சலையின் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். அது சாவகாசமாகச் சிவந்தது. உள்ளே கால் வீங்கிக்கொண்டிருக்கிறது, வெளியே பாளம் இடம் கொடுக்கவில்லை. ரத்தம் போவது நின்றுவிட்டால் காலே போய்விடும்.

“யாராவது ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுங்க! ஆக்ஸா பிளேடு வாங்கிட்டு வாங்க!” என்று கத்தினேன்.

“அறுக்கவா போறீங்க? ஐயோ, அறுக்க வாணாம் மேடம்” என்றார் கலியபெருமாள். பாளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சைக்கிள் டியூப்பை அவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மரக்கட்டையை எடுத்து ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பாளம் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்து கையோடு வந்துவிட்டது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அச்சுக்காரர் அல்லவா! ஒரே கட்டியாக ஊற்றினால் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? மகள் காலில் ஒட்டாமலிருக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, முதலில் கீழ்ப்பாதி, அது இறுகியதும் மேல்பாதி என்று ஊற்றி, இரண்டும் நகராமல் பொருந்த ஓரத்தில் குழியும் குமிழுமாகப் பூட்டு வேறு வைத்திருந்தார்.

ஆனால் கால்? ராத்திரி ஓரளவு அடங்கியிருக்க வேண்டிய வீக்கம் இரண்டு மடங்காகியிருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகச் சூடாகும். புது வீக்கத்துக்குச் சூடு ஆகவே ஆகாது.

“சூடு வெக்காதன்னு நேத்து படிச்சிப் படிச்சிச் சொன்னேனேடி!”

“சுடுதண்ணி ஊத்தாதன்னுதான் சொன்னீங்க மேடம்” என்றாள் அஞ்சலை. “இது இதமா இருந்துச்சி.”

“இதமா இருந்துச்சா! அண்ணே, பொம்மையா அது? பொண்ணு காலுண்ணே!”

கலியபெருமாளின் முகம் விழுந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“தப்புதாங்க. ஒம்போது நாளுதான இருக்குதுன்னு பதறிட்டேன்” என்றார்.

ஒன்பது நாளில் கடலூரில் கல்லூரிகளுக்கு இடையிலான கபடி இறுதிச் சுற்று. பெரிய அரசு நிறுவனம் ஒன்று பெண்கள் கபடி அணி ஆரம்பிப்பதாகவும், அந்தப் போட்டியைப் பார்த்து ஆள் எடுக்கப் போவதாகவும் பி.டி. சாருக்குக் கடிதம் வந்திருந்தது. எடுத்தால் வேலை. நிரந்தர வேலை. அஞ்சலை எங்கள் அணியில் பாடிப் போகிறவள்; எதிராளிகள் ஏழு பேர் நின்றாலும் உள்ளே புகுந்து தொட்டுவிட்டுத் திரும்பி வரக்கூடிய ஒரே ஆள். அவளை எடுக்காமல் யாரை எடுப்பார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கால்தான் இப்படிப் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது.

ஔ எழுதும்போது வலிக்குது

திட்டி முடித்துக் கோபம் இறங்கியதும், அந்த இரண்டு பாதிகளையும் கையில் எடுத்துப் பார்த்தேன். எட்டுக் கிலோவாவது இருக்கும். ஆனால் யோசனை மோசமில்லை. ஆஸ்பத்திரி மாவுக்கட்டைப் போட்டால் மூன்று வாரம் கழற்ற முடியாது. துணிக்கட்டு மட்டும் போட்டால் கால் ஆடும். கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கட்டு இருந்தால், ஐஸ் வைக்கும்போதும் பயிற்சி கொடுக்கும்போதும் எடுத்துவிட்டு மற்ற நேரம் மாட்டிவிடலாம்.

“அண்ணே, இதையே மெல்லிசா செய்ய முடியுமா?”

“எம்மாம் மெல்லிசா?”

“உங்க பொம்மை கனம்.”

அவர் முகத்தில் உயிர் வந்தது. நாலு நாள் ஐஸ் வைத்து வீக்கம் அடங்கிய பிறகு, ஷிஃப்ட் முடிந்து என் அறைக்கு வந்தார். நான் காலைச் சுற்றி சூடு தாக்காத அளவுக்குப் பஞ்சை வைத்துச் சுற்றினேன். அவர் மாவைக் கரைத்து, வலைத்துணியை அதில் முக்கி முக்கி ஒட்டினார். அரை மணி நேரத்தில் இரண்டு பாதியும் தயார். தூக்கினால் ஒரு செருப்பின் கனம்கூட இல்லை. நான் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஒரு ஆணியை வைத்துக்கொண்டு வெளிப்பக்கத்தில் பூ செதுக்கிக்கொண்டிருக்கிறார்.

“இது எதுக்குண்ணே?”

“வெறுமையா இருக்குது மேடம். இருக்கட்டும்.”

பிற்பாடு தொண்ணூறுகள் முழுக்க அந்த மாதிரிக் கட்டுகளை எத்தனையோ பேருக்குப் போட்டோம். எல்லாவற்றிலும் பூ இருக்கும். ஹாக்கி ஆடுகிற ஒருத்தன் தனக்குப் பூ வேண்டாம், சிங்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான். கலியபெருமாள் சிங்கம் போட்டார். அது பூனை மாதிரி வந்தது. பையன் கால் சரியாகும் முன்பே கட்டைக் கழற்றி வீசிவிட்டான்.

அஞ்சலைக்கு அடுத்த வேலை, கட்டைக் கழற்றிவிட்டுக் காலால் காற்றில் எழுதுவது. கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்ப அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. படித்த இடத்தில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அ முதல் ஃ வரை எழுதச் சொன்னேன். நம் எழுத்தில்தான் சுழி அதிகம்.

“ஔ எழுதக்குள்ள வலிக்குது மேடம்.”

“அப்ப ஔவ வுடாத. இன்னும் பத்து வாட்டி எழுது.”

“எங்க தமிழ் சார்கூட இத்தினி வாட்டி எழுத வெக்கல” என்று முனகிக்கொண்டே எழுதுவாள். வாய்த்துடுக்குக்காரி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

பத்துத் தாவல்

கடலூருக்குக் கிளம்புகிற நாள் வந்தது. காயம்பட்ட பிள்ளை ஆடலாம் என்று நான் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பி.டி. சார் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாம். வேலைக்குச் சேர்ந்தபோது நான் சண்டை போட்டு வாங்கிய ஒரே அதிகாரம் அது.

காலையில் மைதானத்தில் சோதனை வைத்தேன். மொத்த அணியும் பைகளோடு சுற்றி நின்றது. பி.டி. சார் என் காதருகே வந்து, “மனசு வெச்சி எழுதிக் குடும்மா” என்றார். மொபெட்டின் பக்கத்தில் கலியபெருமாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வலது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னேன். உயர்த்தினாள். எட்டுப் போட்ட மாதிரி வளைந்து ஓடச் சொன்னேன். ஓடினாள். கடைசியாக, அந்த ஒற்றைக் காலிலேயே பத்துத் தாவல். பிள்ளைகள் எண்ண எண்ணச் சிரித்துக்கொண்டே தாவினாள். பத்து முடிந்ததும் சும்மா பதினொன்றாவதாக ஒன்று வேறு எனக்குத் தாவிக் காட்டினாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பது நாளில் இது நடந்திருக்கிறது என்றால் என் படிப்புக்கு அர்த்தம் இருக்கிறது என்று நினைத்தேன். அங்கேயே சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். பி.டி. சார் கையை நீட்டினார்.

“மேடம், ஒரு நிமிசம்” என்றார் கலியபெருமாள்.

எல்லோரும் திரும்பினோம். அவர் மகளைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

“காலையில வூட்டாண்ட அடிபம்புல தண்ணி அடிச்சா. நான் பல்லு வெளக்கிக்கினு நின்னேன். வலது காலைத் தரையில வெக்கவே இல்லீங்க. ஒத்தக் கால்லயே ரெண்டு கொடம் அடிச்சா. நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும்தான் கீழ வெச்சா. மூஞ்சி சுண்டிப் போச்சி.”

“அப்பா!” என்று அலறினாள் அஞ்சலை.

நான் குனிந்து, கணுக்கால் முட்டிக்கு முன்னால், சுளுக்கிய தசைநார் இருக்கிற இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். அஞ்சலை துள்ளி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன போட்ட? மாத்திரையா?”

தலையை ஆட்டினாள்.

“எத்தினி?”

“ரெண்டு.”

வலி தெரியாமலிருக்க மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியிருக்கிறாள். மாத்திரையின் வேகம் ஆட்டத்தின் பாதியில் இறங்கும்; நாலு பேர் அந்தக் காலைப் பிடித்து இழுக்கும் நேரத்தில் இறங்கும். நான் சீட்டைக் கிழித்தேன்.

பி.டி. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சலை முதலில் அப்பாவைப் பார்த்து, “உன்ன யாரு சொல்லச் சொன்னது? உனக்கு நான் வேலைக்குப் போவக் கூடாதா?” என்று கத்தினாள்.

“உனக்கு வேலை கெடைக்கணும்னு என்னவிட யாருக்கு ஆச?” என்றார் அவர். “காலு ஒன்னுதான் கண்ணு. ஒடைஞ்சா வேற ஊத்த முடியாது.”

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒரு வருசம் போச்சி மேடம். உங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும்.”

கிழித்த சீட்டின் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடலூர் பாசஞ்சர்

அவள் அணியோடு வந்தாள், ஆனால் ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். மூன்று புள்ளியில் தோற்றோம். அந்த நிறுவனத்துக்காரர்கள் வேறு கல்லூரிப் பெண்கள் மூன்று பேரின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும் பாசஞ்சர் ரயிலில் அஞ்சலை எனக்கு முதுகு காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். போட்டிக்குக் கூடவே வந்திருந்த கலியபெருமாள் என் எதிரில். ஒரு ஸ்டேஷனில் இறங்கி மூன்று டீ வாங்கி வந்தார். மகள் வாங்கிக்கொள்ளவில்லை. அதையும் அவரே குடித்தார்.

“மேடம், நான் சொல்லாம இருந்திருந்தா?” என்றார்.

“ஆடியிருப்பா.”

“காலு போயிருக்குமா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

“போயிருக்கலாம். போவாமலும் இருந்திருக்கலாம்ணே. ஆடி, ஜெயிச்சி, வேலையும் வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?”

“தெரியாதுண்ணே.”

எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் வழியாகக் கரித்தூள் விழுந்துவிட்ட மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

அப்பனும் மகளும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. என்னோடு அவள் ஒரு மாசம் பேசவில்லை; ஆனால் சரியாகச் சாயங்காலம் நாலரைக்கு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அ முதல் ஃ வரை காலால் எழுதிவிட்டுப் போவாள். நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் மைதானத்தில் பார்த்து மட்டும் சீட்டு எழுதியதில்லை. வீட்டில் கேட்பேன், ஹாஸ்டல் பிள்ளை என்றால் அறைத் தோழர்களைக் கேட்பேன். மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் பொய் சொல்லும். அது அவர்கள் தப்பில்லை, ஆட வேண்டும் என்ற ஆசை அப்படி.

அடுத்த வருஷம் வேறொரு போட்டியில் அஞ்சலை ஆடினாள். அதே நிறுவனம் அவளை எடுத்தது. கல்லூரி முழுக்க ஜிலேபி கொடுத்தாள். என் மேஜையில் மட்டும் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு நிற்காமல் போனாள்.

இதற்கிடையில் கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வந்தது. அடிபட்டவர்கள் வர வேண்டிய அறையை இரண்டாம் மாடியில் வைத்த பெருமை எங்கள் நிர்வாகத்தையே சேரும். நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து சேருவதற்குள் எனக்கு ஒரு டீ முடிந்துவிடும்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று எழுந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அஞ்சலை வந்து நின்றாள். லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

“மேடம், எங்க ஆபீஸ்ல புரமோஷன் லிஸ்ட்டு வந்திருக்குது. கடலூர்ல எடுத்தாங்களே, அந்த மூணு பேருக்கும் குடுத்துட்டாங்க. எனக்கு ஒரு வருசம் சர்வீஸ் கொறையுதாம். எல்லாம் உங்களாலயும் எங்கப்பாவாலயும்தான்.”

“ஆமாம்” என்றேன். “உக்காரு, டீ சொல்றேன்.”

“ஒன்னும் வாணாம். இத சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். நான் வராந்தாவுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தாள்.